மாற்று இயந்திரத்தில் வைத்த பரஸ்தானம்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் சர்வர் அறையில் நடந்தது இது.

அன்று முகூர்த்த நாள் என்பது திருநின்றவூரில் ரயில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. விடிந்தும் விடியாமலும் இருக்கும் வெளிச்சத்தில் பெட்டி நிறையப் பட்டுப் புடவைகள், மல்லிகை, மடியில் தூங்கிப்போன குழந்தைகள். பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறிய கும்மிடிப்பூண்டி வண்டியிலும் அதே கூட்டம்தான். வண்டி வழியில் எங்கோ நின்றது, கிளம்பியது, மறுபடி நின்றது. எல்லார் மடியிலும் வரிசைத் தட்டு இருக்க, என் மடியில் மட்டும் லேப்டாப் பை. பல வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அந்தப் பைக்குள்தான் போய்க்கொண்டிருக்கின்றன. ஆலை ஓடாத நாள்தான் எனக்கு வேலை நாள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆலையில் நாலைந்து சர்வர்கள் இருக்கும். வாசல் கேட்டுக்கு ஒன்று, லாரி எடை மேடைக்கு ஒன்று, உலைக்கணக்குக்கு, வருகைப்பதிவுக்கு என்று. இவற்றை எல்லாம் மேலிருந்து பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் உண்டு. எந்த சர்வர் மூச்சு விடுகிறது, எது திணறுகிறது, எதற்குப் பேக்கப் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. எல்லா சர்வரின் பாஸ்வேர்டும் அதன் வயிற்றில்தான். அதை நிறுவுவதும், பழசானால் புதுப் பதிப்புக்கு ஏற்றுவதும் என் பிழைப்பு. நன்றாக முடிந்தால் யாருக்கும் ஒன்றுமே நடந்ததாகத் தெரியாத வேலை. கெட்டுப்போனால் மட்டும் ஊருக்கே தெரியும்.

அந்த ஆலையில் இருந்த பதிப்பு மிகவும் பழசு. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று நாளாகியிருந்தது. அதே சாலையில் வேறொரு ஆலையின் கணினிகளை யாரோ எங்கிருந்தோ பூட்டிவிட்டுப் பணம் கேட்ட செய்தி தெரிந்து, இவர்களுக்கும் பயம் வந்துவிட்டது. உடனே ஜோசியரிடம் நாள் குறித்துவிட்டார்கள். ஆமாம், மென்பொருள் ஏற்றுவதற்குத்தான். புது உலைக்கும் புது லாரிக்கும் நாள் பார்க்கிறவர்கள் இதற்கு மட்டும் ஏன் பார்க்கக்கூடாது? நானும் கேள்வி கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் நான் எலுமிச்சம்பழம் பார்க்காத சர்வரே கிடையாது.

ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஆலைக்குள் நுழையும்போது மணி எட்டு. நல்ல நேரம் எட்டரையோடு முடிகிறது. வாசலிலேயே முதலாளியின் மகன் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு நிர்வாகம் அவர்தான். கையில் போன், போனில் வீடியோ கால், வீடியோவில் ஆந்திராவில் சொந்த ஊரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய அப்பா.

"வாங்கம்மா, சீக்கிரம். நைனா எழுந்ததுலேர்ந்து காத்துக்கினு கீறாரு."

சர்வர் அறை வாசலில் தேங்காய், கற்பூரம், பூ. உள்ளே புகை போனால் அலாரம் அடிக்கும் என்பதால் கற்பூரத்தை வெளியிலேயே நிறுத்திவிட்டவர், அறைக்குள் நின்றுகொண்டிருந்த இன்னொருவர். அந்த ஆலையின் கணினிகளை எல்லாம் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பது வயது இருக்கும், பொன்னேரிக்காரர். பொன்னேரிக்காரர் என்றே சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். முகச்சவரம் புதிதாகச் செய்து, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தார். கழுத்தில் ஆலையின் அடையாள அட்டை.

"இன்னிக்கு இவரு பொண்ணுக்கு நிச்சயம்" என்றார் முதலாளி மகன். "நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு மாத்தணும். நீங்க எட்டரைக்குள்ள பட்டனை அழுத்திட்டீங்கன்னா இவரு பத்து மணிக்கெல்லாம் ஊட்டுக்குப் போயிடுவாரு."

நல்ல நாள் என்றால் எல்லாருக்கும் நல்ல நாள்தானே. ஜோசியர்கள் வேறு வேறு, பஞ்சாங்கம் ஒன்று. ஆலைக்கும் அவர் மகளுக்கும் ஒரே தேதி விழுந்துவிட்டது. திங்கள் விடியற்காலை லாரிகள் வரிசை கட்டும். கேட்டும் எடை மேடையும் சரியாக ஓடுகின்றனவா என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் அந்த ஆலையில் இவர் ஒருவர்தான். வேலை முடியாமல் அவரால் கிளம்ப முடியாது.

இப்போது என் பேஜாரைச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் பேக்கப் எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. அந்தப் பேக்கப்பை ஒரு மாற்று இயந்திரத்தில் திருப்பி ஏற்றி, அது உயிரோடு எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்தால், அங்கேயே புதுப் பதிப்பை ஏற்றி ஒத்திகை பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் அசலில் கைவைக்கலாம். இதற்கெல்லாம் அரை நாள் ஆகும். எனக்குக் கிடைத்திருப்பதோ அரை மணி.

"முடியாதுங்க. ஒத்திகை பார்க்காம அசல்ல கைவைக்க மாட்டேன்" என்றேன்.

"பேக்கப்தான் கீதேம்மா. தினமும் ராத்திரி எடுக்குது. பச்சை விளக்கு எரியுது, நானே பாத்தேன்" என்றார் முதலாளி மகன்.

"எடுக்குதுங்க. திரும்பி வருமான்னு யாரும் பார்த்ததில்லையே."

போனுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் தெலுங்கில் ஏதோ கேட்டது. மகன் தெலுங்கில் ஏதோ சமாளித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல நேரம் தப்பிப்போனா அவரு இன்னிக்கு வேணாம்னுடுவாரு. அடுத்த நாள் பாக்க ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் தெறந்த ஊடு மாதிரி கெடக்கணுமா?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. களைப்பு வேறு. முந்தின வாரம் வேறோர் ஊர், அதற்கு முந்தின வாரம் இன்னோர் ஊர். சரி, அழுத்திவிட்டுப் போவோமே என்று ஒரு கை மனசுக்குள் நீண்டது. நான் பொன்னேரிக்காரரைப் பார்த்தேன். அழுத்துங்கள் என்று சொல்ல இந்த உலகத்திலேயே அதிக உரிமை உள்ளவர் அன்றைக்கு அவர்தான். அவர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் முதலாளி மகனிடம் திரும்பி, "சார், பரஸ்தானம் வெச்சுடலாம்" என்றார்.

பரஸ்தானம் தெரியாதவர்களுக்காக: ஊருக்குக் கிளம்ப வேண்டும், ஆனால் நல்ல நேரத்தில் கிளம்ப முடியாது என்றால், அந்த நேரத்தில் கையோடு கொண்டுபோகும் ஒரு பையை மட்டும் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் வேண்டுமானாலும் கிளம்பி, அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகலாம்.

"எங்க மச்சான் ஆரணிலேர்ந்து வரணும் சார். அவருக்கு இன்னிக்கு வேளை தோதுப்படல. நேத்தே பையைப் பக்கத்து ஊட்ல வெச்சுட்டாங்க. இங்கயும் அதேதான். அந்த மூலையில பழைய சர்வர் ஒண்ணு சும்மா கெடக்குது. எட்டரைக்குள்ள அதுல தொடங்கிடுவோம். நைனா கண்ணால பாத்துக்கட்டும். அசலுக்கு அப்புறமா மெதுவா வருவோம்."

முதலாளி மகன் யோசித்தார். போனில் நீளமாகப் பேசினார். போன் யோசித்தது. கடைசியில் அந்தச் சின்னத் திரையில் ஒரு நரைத்த தலை மேலும் கீழும் ஆடியது.

மாற்று இயந்திரத்தை இழுத்து மேசை மேல் வைத்தோம். பொட்டு வைத்தார்கள். அதன் நெட்வொர்க் கேபிளை நான் பிடுங்கிப் போட்டதும், "பூஜை போட்ட மெஷின்மா, வயரைப் புடுங்கறீங்களே" என்று முதலாளி மகன் பதறினார். பிடுங்காவிட்டால் நகல் தன்னை அசல் என்று நம்பிக்கொண்டு மற்ற சர்வர்களை அதட்டத் தொடங்கிவிடும் என்று விளக்கினேன். "எங்க சித்தப்பா மாதிரி" என்றார் அவர். எட்டரைக்குச் சற்று முன்பு, போனில் அப்பா பார்த்துக்கொண்டிருக்க, முதல் கட்டளைக்கு முதலாளி மகனே விரலால் எண்டரைத் தட்டினார். வெளியே தேங்காய் உடைந்தது. போன் அணைந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது காத்திருப்பு. என் வேலையில் பெரும்பகுதி அதுதான். ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக ஊர்வதைப் பார்த்துக்கொண்டே என் வயதில் பாதி கரைந்துவிட்டது. ஏசி முனகும். வெளியே வெயில் ஏறும். இரும்புத் தூள் படிந்த ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம்கூடத் துருப்பிடித்தே வரும். முதலாளி மகன் நாஷ்டா வரவழைத்தார். நானும் பொன்னேரிக்காரரும் இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பட்டையைப் பார்த்தோம். எங்கோ போக வேண்டும், எங்கோ போக வேண்டும் என்று எனக்குள் எப்போதும் அரித்துக்கொண்டிருக்கும் ஒன்று அன்று அவருக்காகவும் சேர்த்து அரித்தது.

"அழுத்தச் சொல்லியிருந்தா பத்து மணிக்கு ஊட்ல இருந்திருப்பீங்களே சார்" என்றேன்.

"நீங்க பயந்துகினு இருந்தீங்க மேடம். பயப்படற டாக்டர்கிட்டதான் நான் ஊசியே போட்டுக்குவேன்."

பத்து மணி வாக்கில் மாற்று இயந்திரத்தில் புதுப் பதிப்பு எழுந்தது. அழகான முகப்பு. எல்லாம் பச்சை. நான் சர்வர் பட்டியலைத் திறந்தேன். கேட், எடை மேடை, உலை, வருகை, எல்லாப் பெயரும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படம். பாஸ்வேர்டைப் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி. எதைத் தொட்டாலும் அதே வரி.

பேக்கப்புக்குள் இருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

விஷயம் இதுதான். பாஸ்வேர்டுகளை அந்த மென்பொருள் ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருக்கும். அந்தப் பூட்டுக்குச் சாவி ஒரு சின்னக் கோப்பு. சாவி தகவல்களோடு சேர்ந்து ஒரே இடத்தில் இருக்கும், பேக்கப்பில் தானாகவே வந்துவிடும் என்று மென்பொருளோடு வந்த குறிப்பில் எழுதியிருந்தது. ஆனால் இந்த ஆலையில் முதன்முதலில் நிறுவியவர்கள் சாவியை வேறிடத்தில், மென்பொருள் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே, வைத்திருந்தார்கள். தினமும் பச்சை விளக்கோடு ஓடிய பேக்கப் பெட்டியை மட்டும் சுமந்தது. சாவியை ஒரு நாளும் தொடவில்லை.

"சரி, அசல்லதான் சாவி கீதே. அங்க நேரா ஏத்தியிருந்தா கண்டுபுடிச்சிருக்காதா?" என்றார் பொன்னேரிக்காரர்.

நான் திரையில் காட்டினேன். புதுப் பதிப்பு ஏறும்போது முதலில் செய்வது, மென்பொருள் இருக்கும் பழைய கோப்புறையைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பதுதான். சாவி இருந்தது அதற்குள்தான். எட்டரைக்குள் அசலில் அழுத்தியிருந்தால் சாவி அழிந்திருக்கும். பேக்கப்பிலும் அது இல்லை. அந்த ஆலையின் ஒவ்வொரு சர்வரும் தன் வீட்டுக்காரனையே வெளியே நிறுத்தியிருக்கும். ஒவ்வொன்றாகக் கதவை உடைத்துத் திறக்க நாள்கணக்கில் ஆகும். அதுவரை அவர் எங்கே இருந்திருப்பார் என்பது அவருக்குச் சொல்லாமலே புரிந்தது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றிச் சந்தனம் வியர்வையில் இறங்கிப் புருவத்தில் நின்றது.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வீட்டம்மா. கைகள் கீபோர்டில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாங்க, பூக்காரம்மா வந்துட்டா, சமையக்காரரு வந்துட்டாரு. எங்கண்ணன்கூட ஆரணிலேர்ந்து கெளம்பிட்டாரு. பொண்ணோட அப்பன் எங்கன்னு கேட்டா இன்னான்னு சொல்றது? சர்வர்ல கீறாருன்னு சொல்லவா?"

"வந்துடறேன்மா. சாவி தேடிகினு கீறேன்."

"பீரோ சாவியா? அது என் இடுப்புலதான கீது."

அறையில் யாரும் சிரிக்கும் நிலையில் இல்லை. ஆனாலும் சிரித்துவிட்டோம்.

அசல் சர்வரில் எதையும் மாற்றாமல், சாவிக் கோப்பை மட்டும் நகலெடுத்தோம். ஒரு பிரதியை வேறு சர்வரில் வைத்தேன். இன்னொன்றை ஒரு பென் டிரைவில் போட்டு முதலாளி மகனின் இரும்பு அலமாரியில் வைக்கச் சொன்னேன். மாற்று இயந்திரத்தைத் துடைத்துவிட்டு, பேக்கப்போடு சாவியையும் சேர்த்து, ஒத்திகையை முதலிலிருந்து ஆரம்பித்தோம். மறுபடி நீலப் பட்டை. இந்த முறை பட்டியலைத் திறந்தபோது பூட்டுகள் இல்லை.

அசலுக்குப் போகலாம் என்று நான் நாற்காலியை நகர்த்தியபோது முதலாளி மகன் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

"அய்யோ, எமகண்டம்மா. ஒண்ணரை வரைக்கும் தொடக்கூடாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றரைக்குத் தொடங்கினால் எப்போது முடித்து, எப்போது சரிபார்த்து, இந்த மனிதர் எப்போது பொன்னேரி போய்ச் சேர்வது? வாதாட எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் பொன்னேரிக்காரர் நிதானமாகவே சொன்னார்.

"சார், எட்டரைக்குள்ளயே பையை வெச்சாச்சு. எங்க மச்சான் இந்நேரம் பஸ்லதான் வந்துகினு கீறாரு. எமகண்டம்னு அவரு பாதி வழில எறங்கி நிக்கறாரா இன்னா?"

 முதலாளி மகன் அப்பாவுக்குப் போன் போடலாமா என்று அதைக் கையில் எடுத்தார். அப்புறம் சட்டைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டார். "வண்டி ஏற்கெனவே கெளம்பிடுச்சு. அதானே?" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

அசலில் ஏற்றத் தொடங்கினோம். ஒத்திகை பார்த்த வழிதான், ஒவ்வோர் அடியும் தெரியும். ஆனாலும் பட்டை முக்கால் தூரத்தில் நின்றபோது மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தோம். நகலிலும் அதே இடத்தில்தான் நின்றது, அதே போலத்தான் நகர்ந்தது என்று வாய் சொன்னது. மனசு கேட்கவில்லை. "நீங்க கிளம்புங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்றேன். "நான் போயிட்டா கேட்டு தொறக்குதான்னு எவன் பாப்பான் மேடம்? நாளைக்குக் காலையில லாரிக்காரன் ஹாரன் அடிச்சா எனக்கு மாப்ள மொகமே மறந்துடும்" என்றார். பட்டை நகர்ந்தது. முகப்பு திறந்தது. பூட்டுகள் இல்லை. அவர் ஓடினார். வாசல் கேட்டின் தடுப்புக் கம்பம் மேலேறி இறங்குவதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். எடை மேடையில் அவரே ஏறி நின்று, தன் எடையைக் கத்திச் சொன்னார். திரையில் அதே எண் வந்தது. எடை மேடைக்கு அவர் ஒரு பொருட்டே இல்லை என்றாலும் வந்தது.

மூன்று மணி தாண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே, "நீங்களும் வாங்களேன் மேடம்" என்றார். நான் அந்த நிலையில் எந்தப் பந்தியிலும் உட்கார லாயக்கில்லை. வாழ்த்து மட்டும் சொன்னேன். இரும்புத் தூளும் லாரிப் புழுதியும் கலந்த அந்தச் சாலையில் அவர் சிறிதாகிப் போய் மறைந்தார்.

மீதி வேலையை முடித்து, எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு, நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்தபோது நாலே கால் ஆகியிருந்தது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே வேண்டாம் போல இருந்தது. வண்டி வருகிறதா என்று பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராகு காலம் பிறக்கச் சில நிமிடங்களே இருந்தபோது ஒரு படம் வந்தது.

பந்தல். நடுவில் தட்டு. தட்டின் ஒரு பக்கத்தில் சம்பந்தியின் கைகள், மறுபக்கத்தில் அவருடைய கைகள். புதுப் பட்டுச் சட்டை போட்டிருந்தார், மடிப்புகூடக் கலையவில்லை. அந்தச் சட்டைக்கு மேலே, சந்தன மாலைக்குப் பக்கத்தில், கழற்ற மறந்த ஆலை அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் மகள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்தது. திரும்பும் முகூர்த்தக் கூட்டம், வாடிய மல்லிகை, காலியான தட்டுகள். பொன்னேரியில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எங்கிருந்தோ மைக் செட் பாட்டு கேட்டது. அது அவர்கள் வீட்டுப் பாட்டா, வேறு யாருடையதா என்று தெரியவில்லை.

ஞாயிறுகள் இன்னும் அப்படியேதான் போய்க்கொண்டிருக்கின்றன. அவசரப்படுத்தும் முதலாளிகளும், பச்சை விளக்கை நம்பும் ஆலைகளும், ஊரும் நீலப் பட்டையும் அப்படியே. ஆனாலும் ஒவ்வொரு முறை அசலைத் தொடுவதற்கு முன் ஒரு மாற்று இயந்திரத்தை இழுத்து மேசை மேல் வைக்கும்போது, போயே ஆகவேண்டிய அவசரம் தனக்கு இருந்தும் என் பயத்துக்காகக் காத்திருந்த ஒருவரின் பையைப் பக்கத்து வீட்டில் பத்திரமாக வைக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.